தண்ணீரை அழுக்காக்காமல் இருக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவது எப்படி? கோடை விடுமுறைக்கான கேள்வி பதில்கள்

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீர் மாசு பற்றி ஏதாவது செய்து பார்க்கலாம் என்று நினைக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் முகாம் நடத்துபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான செயல்பாடுகளுக்கு வீட்டில் கிடக்கும் பாட்டில், கிண்ணம், மணல், எண்ணெய், சாயம் போதும். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி என்று காட்டும் பாடங்கள் நிறைய இருக்கின்றன. அழுக்கு உள்ளே போகாமல் தடுப்பது எப்படி என்று காட்டும் பாடங்கள் குறைவு. இந்தப் பக்கம் இரண்டாவதற்காக.

எதிலிருந்து தொடங்குவது?

வீட்டுக் கழுவுதொட்டியின் அடியிலிருந்து தொடங்குங்கள். குழாயைத் திறந்துவிட்டு, "இந்தத் தண்ணீர் இப்போது எங்கே போகிறது?" என்று கேளுங்கள். "குழிக்குள்ளே", "மண்ணுக்கு அடியில்" என்று ஏதாவது பதில் வரும். சரி, அதற்கப்புறம்? அந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். பெரியவர்களும்தான்.

ஒரு தாளில் வீட்டை வரையச் சொல்லுங்கள். குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் இடம், மொட்டைமாடியில் விழும் மழை, வண்டி கழுவும் தண்ணீர் என ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு இழுத்து, அது போய்ச் சேரும் இடத்தைத் தேட வேண்டும். தெருவில் இறங்கி மூடிகளைப் பாருங்கள். குழாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். விவரம் தெரிந்தவர் யாராவது இருந்தால் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கும் வேலை இது. அவசரப்பட வேண்டாம்.

இந்தத் தேடலில் ஒரு முக்கியமான உண்மை தட்டுப்படும். கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் பல ஊர்களில் தனித்தனி. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகலாம். மழைநீர் வடிகால் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஆறு, ஏரி, கடல் என்று போய்ச் சேரும். தெருவில் கிடக்கும் சிகரெட் துண்டும் வண்டியிலிருந்து சொட்டிய எண்ணெயும் நாய் போட்ட கழிவும் அடுத்த மழையில் அதே வழியில்தான் போகும். இதைப் பிள்ளை தானே கண்டுபிடித்தால் ஜன்மத்துக்கும் அதற்கு மறக்காது. நாம் சொல்லிக்கொடுத்தால் அடுத்த வாரம் மறந்துவிடும்.

இதற்குக் கோடையே ஏன்? மழைக்காலத்தில்தானே தண்ணீர் இருக்கிறது?

கோடையில் ஆறும் குளமும் வற்றியிருக்கும். அதே அளவு கழிவு குறைந்த தண்ணீரில் கலக்கும்போது அதன் செறிவு கூடுகிறது. வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 0 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் சுமார் 9. 30 டிகிரியில் சுமார் 7.5 தான். அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் அந்தக் கொஞ்சத்தையே எடுத்துக்கொள்வதால் மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றன. கோடையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைக் காட்ட ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். குளிர்ந்த தண்ணீரை நிரப்பி வெயிலில் வையுங்கள். சிறிது நேரத்தில் உட்சுவரில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். தண்ணீருக்குள் கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. மீன் சுவாசிக்க வேண்டிய காற்று அது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

பாட்டிலில் மணல், கூழாங்கல், கரி போட்டு வடிகட்டி செய்யச் சொல்கிறார்கள். அதை முதலில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதலில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். சேற்றுத் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே தெளிவாகச் சொட்டுகிறது. பார்க்க அற்புதமாக இருக்கிறது. பிள்ளை மனதில் பதிவது என்ன? "அழுக்கானால் பரவாயில்லை, வடிகட்டிக்கொள்ளலாம்." நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

நான் செய்யும் வரிசை வேறு. ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் சுத்தமான தண்ணீர். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒன்றைச் சேர்க்கிறார்கள்: ஒரு பிடி மண், ஒரு ஸ்பூன் உப்பு, சில துளி சாயம், சமையல் எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு, கிழித்த பிளாஸ்டிக் உறை, மினுமினுப்புத் தூள். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அப்புறம், "சரி, இப்போது பழையபடி ஆக்குங்கள்" என்று சொல்லி வடிகட்டி, துணி, ஸ்பூன், பஞ்சு எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் முதலில் வெளியே வரும். மண்ணும் பெரும்பாலும் நின்றுவிடும். எண்ணெய் பாதி வரும், சோப்பு சேர்ந்ததால் மீதி வராது. மினுமினுப்புத் தூள் வடிகட்டி, துணி, விரல் என எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். சாயம் அடம்பிடிக்கும், கரி கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். உப்பு? அது அப்படியே மணல், கரி எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். வடிந்த தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உப்பு உள்ளேதான் இருக்கிறது. நிரூபிக்க வேண்டுமா? ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் ஆவியானதும் வெள்ளைப் படலம் மிஞ்சும். நக்கிப் பார்க்க விடாதீர்கள், பார்த்தால் போதும்.

சேர்க்க ஒரு நிமிடம், பிரிக்க ஒரு பகல் முழுக்க, அப்போதும் முடியவில்லை. இந்தக் களைப்புதான் பாடம். களைப்பு வரும்வரை விடுங்கள், நடுவில் உதவிக்குப் போகாதீர்கள்.

வடிகட்டிய தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. தெளிந்த தண்ணீரும் பாதுகாப்பான தண்ணீரும் ஒன்றல்ல. நோய்க்கிருமிகள் இந்த வடிகட்டியில் நிற்காது. இதைச் செயல்பாடு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் சொன்னால் யாராவது ஒருவர் ஏற்கெனவே ஒரு வாய் குடித்திருப்பார்.

நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு ஏற்றது எது?

ஒரு லிட்டர் பாட்டில் விளையாட்டு. பாட்டில் நிறைய இருப்பது உலகத்துத் தண்ணீர் முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உப்பில்லாத தண்ணீர் சுமார் 25 மில்லி மட்டுமே. ஐந்து சின்ன ஸ்பூன். அதை ஒரு தம்ளரில் எடுங்கள். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது; அதைப் பிரித்து உறைய வையுங்கள். மிச்சத்தில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில். ஏரியிலும் ஆற்றிலும் நம் கண்ணுக்குத் தெரிய இருப்பது? ஒன்றிரண்டு சொட்டுதான். குழந்தையின் உள்ளங்கையில் அந்தச் சொட்டை விடுங்கள். அது கையை மூடிக்கொள்ளும், கீழே விடாது. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொன்று, கசங்கிய தாள் மலை. கெட்டியான தாளை நன்றாகக் கசக்கிப் பாதி விரித்து ஒரு தட்டில் வையுங்கள். மேடும் பள்ளமுமாக மலைத்தொடர் போல நிற்கும். மேட்டின் விளிம்புகளில் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டட்டும். பழுப்பு என்றால் மண், சிவப்பு என்றால் குப்பை, கறுப்பு என்றால் எண்ணெய். பிறகு தெளிப்பானால் மழை பெய்விக்கவும். எல்லா வண்ணமும் வழிந்து பள்ளத்தில் ஒரே கலங்கல் குளமாகச் சேரும். யாரும் குளத்தில் எதையும் போடவில்லை. ஆனாலும் குளம் அழுக்கு.

கண்ணுக்குத் தெரியாத மாசை எப்படிப் புரியவைப்பது?

இது கடினமான இடம். மாசு என்றால் நுரையும் நாற்றமும் மிதக்கும் பாட்டிலும்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மிக மோசமான மாசுகளில் சில நிறமும் மணமும் இல்லாதவை. இதற்கு இரண்டு செயல்பாடுகள்.

முதலாவது, ஏழு கிண்ணம். முதல் கிண்ணத்தில் அடர்ந்த சாயம். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இரண்டாவதில் விட்டு, ஒன்பது சொட்டுத் தண்ணீர் சேர்க்கவும். இரண்டாவதிலிருந்து ஒரு சொட்டு மூன்றாவதுக்கு, மறுபடி ஒன்பது சொட்டுத் தண்ணீர். இப்படியே ஏழாவது வரை. ஒவ்வொரு படியிலும் சாயம் பத்தில் ஒன்றாகக் குறையும். ஐந்தாவது ஆறாவது கிண்ணத்தில் நிறமே தெரியாது. ஏழாவதில் இருப்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. "இதில் சாயம் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டால் வீட்டில் பெரிய விவாதமே நடக்கும். இருக்கிறது. குடிநீரில் ஈயம், ஆர்சனிக் போன்றவற்றுக்கு வைத்திருக்கும் வரம்பு இதைவிடவும் குறைவு: உலக சுகாதார நிறுவனம் ஆர்சனிக்குக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது பத்து கோடியில் ஒரு பங்கு. இன்னும் இரண்டு கிண்ணம் சேர்த்தால் அந்த அளவையும் தொட்டுவிடலாம்.

இரண்டாவது ஓட்டமும் பிடியுமாக ஆடும் விளையாட்டு. திடலில் வெள்ளைத் தாள் துண்டுகளைத் தூவி, அவற்றோடு கொஞ்சம் சிவப்புத் துண்டுகளையும் கலந்துவிடுங்கள். பத்துப் பேர் இறால்கள். ஆளுக்கு ஒரு பையில் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். பிறகு மூன்று சிறிய மீன்கள் இறால்களைத் துரத்திப் பிடித்து அவர்களுடைய பையைத் தங்கள் பையில் கொட்டிக்கொள்ளும். கடைசியில் ஒரு பெரிய மீன் மூன்றையும் பிடிக்கும். இப்போது வெள்ளைத் துண்டுகளைக் கொட்டிவிடச் சொல்லுங்கள், அவை உணவு, செரித்துவிட்டன. சிவப்பு செரிக்காது. திடல் முழுக்கச் சிதறிக் கிடந்த சிவப்பெல்லாம் ஒரே பையில் குவிந்திருக்கும். அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்: "அந்த மீனை நாம் சாப்பிட்டால்?"

அப்போது மினமாட்டாவைச் சொல்லலாம். ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் ஒரு வேதியியல் ஆலை பாதரசம் கலந்த கழிவை ஆண்டுக்கணக்கில் விரிகுடாவில் விட்டது. மீன் தின்ற பூனைகள் நடக்க முடியாமல் துடித்துச் செத்தன. மனிதர்களுக்கும் கை கால் நடுக்கம், பார்வை இழப்பு. 1956இல் அது ஒரு நோயாக அதிகாரபூர்வமாக அடையாளம் காணப்பட்டது. கழிவு விடுவது நின்றது 1968இல். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் இந்தக் கதையை மெதுவாக, படங்கள் இல்லாமல் சொல்லுங்கள்.

நிலத்தடி நீர் அழுக்காவதைக் காட்ட வழி உண்டா?

உண்டு, அழகான வழி. ஒரு கண்ணாடி அல்லது தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் அடியில் கூழாங்கல், மேலே மணல் பரப்புங்கள். ஒரு பக்கம் மேடாக, மறுபக்கம் சிறு பள்ளமாக இருக்கட்டும். கை கழுவும் சோப்பு பாட்டிலின் அழுத்துமூடியைக் கழற்றி, அதன் குழாய் முனையில் மெல்லிய துணி கட்டி மணலுக்குள் செருகுங்கள். அதுதான் கிணறு. பள்ளத்தில் தண்ணீர் தேங்கும்வரை மெதுவாக ஊற்றினால் குளமும் வந்துவிட்டது. கிணற்றை அழுத்தினால் தெளிந்த தண்ணீர் வரும்.

இப்போது மேட்டின் மேல் சில துளி சாயம் விட்டு மழை தெளியுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் சாயம் மணலுக்குள் இறங்கி நகர்வதைப் பார்க்கலாம். கிணற்றை அழுத்திக்கொண்டே இருந்தால் அது கிணற்றை நோக்கியே நகரும். சில நிமிடங்களில் கிணற்றில் நிறம். பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் நிறம் விட்டுப்போக நெடுநேரம் ஆகும். உண்மையான நிலத்தடியில் அந்த நெடுநேரம் பல ஆண்டுகள்.

குளத்தில் பச்சைப்பசேல் என்று பாசி படர்ந்தால் அது நல்லதுதானே, செடி போல?

பிள்ளைகள் இதைக் கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள், நல்ல கேள்வி. மூன்று கண்ணாடி ஜாடிகளில் குளத்துத் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் ஒரு சிட்டிகைச் செடி உரம், மூன்றாவதில் அதைப்போல மூன்று மடங்கு. மூடாமல் மெல்லிய துணி கட்டி வெளிச்சமான சன்னலோரம் இரண்டு வாரம் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நிறத்தைக் குறித்துவைக்க வேண்டும். உரம் போட்டவை பெரும்பாலும் பச்சையாக மாறும். சில சமயம் அளவுக்கு மீறிய உரத்தில் எதுவும் வளராமலும் போகலாம். அதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இதையே ஒரு முழு ஏரியில் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில், 226 என்ற எண் கொண்ட ஏரியை டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரின் குழு ஒரு பெரிய திரையால் இரண்டாகப் பிரித்தது. இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பாசி மூடிப் பச்சையாகிவிட்டது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் ஆயிரம் பக்க அறிக்கை செய்யாததைச் செய்தது. சோப்புத் தூளில் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் என்ற பொருளைக் குறைக்கும் சட்டங்களுக்கு அது வலுச் சேர்த்தது.

பாசி ஏன் கெடுதல் என்றால், அது செத்து மட்கும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சில வகைப் பாசிகள் நஞ்சையும் வெளியிடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் அப்படி நடந்ததால், டொலிடோ நகரத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் சில நாட்கள் குழாய்த் தண்ணீரையே குடிக்க முடியவில்லை. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது.

வெறும் மண் எப்படி மாசாகும்?

மண் நிலத்தில் இருக்கும்வரை செல்வம். தண்ணீரில் கலந்தால் ஒளியை மறைக்கும், மீன் முட்டைகளை மூடும், தன்னோடு ஒட்டியிருக்கும் உரத்தையும் பூச்சிமருந்தையும் சேர்த்தே கொண்டுபோகும். மூன்று பாட்டில்களைப் படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டி மண் நிரப்புங்கள். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் மேலே காய்ந்த இலைகள், ஒன்றில் புல் முளைக்க வையுங்கள். புல்லுக்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும், ஆகவே விடுமுறையின் முதல் நாளே தொடங்குங்கள். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, வாய் வழியாக வழிவதைத் தம்ளரில் பிடியுங்கள். மூன்று தம்ளர்களையும் அருகருகே வைத்தால் நீங்கள் பேசத் தேவையிருக்காது.

எண்ணெய்க் கசிவு பரிசோதனை சின்னப் பிள்ளைகளுக்குப் புரியுமா?

ஒரு உதிர்ந்த இறகு கிடைத்தால் புரியும். முதலில் இறகின் மேல் தண்ணீர் விடுங்கள், உருண்டு ஓடிவிடும். பிறகு எண்ணெயில் தோய்த்து மறுபடி விடுங்கள். இழைகள் ஒட்டிச் சுருங்கி, இறகு இறகாகவே இருக்காது. பறவைக்குக் குளிரைத் தடுப்பதும் மிதக்க வைப்பதும் அந்த இழைகளின் அடுக்குதான். அலகால் கோதிச் சுத்தம் செய்யப் போனால் எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது.

1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் என்ற கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. இரண்டரை லட்சம் கடற்பறவைகள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் கரையில் கூழாங்கற்களைத் தோண்டினால் எண்ணெய் தென்பட்டது. ஆனால் கதையை அங்கேயே விட்டால் அது யாரோ ஒரு கப்பலின் தவறாக மட்டும் நிற்கும். வண்டியிலிருந்து சொட்டும் எண்ணெய், மாற்றியபின் வடிகாலில் ஊற்றும் பழைய எண்ணெய், இவையும் அதே தண்ணீருக்குத்தான் போகின்றன. தெருவில் எண்ணெய்க் கறைகளை எண்ணச் சொல்லுங்கள்.

சமையல் எண்ணெயைச் சுடுதண்ணீரோடு ஊற்றினால் போய்விடும்தானே?

கண்ணைவிட்டுப் போகும். குழாயில் குளிர்ந்ததும் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நெய், தேங்காயெண்ணெய் போன்றவை கெட்டியாகவும் ஆகும். உருக்கிய கொழுப்பைக் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றிக் காட்டுங்கள். ஈரத் துடைப்பான் தாளையும் கழிப்பறைத் தாளையும் தனித்தனி ஜாடியில் போட்டுக் குலுக்கிக் காட்டுங்கள். கழிப்பறைத் தாள் கரைந்து குழையும், துடைப்பான் அப்படியே இருக்கும். இந்தக் கொழுப்பும் துடைப்பானும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் சாட்சி. 2017இல் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளம், 130 டன் எடையுள்ள கொழுப்புப் பாறை ஒன்று அடைத்துக் கிடந்தது. அதை உடைத்தெடுக்க வாரக்கணக்கில் ஆனது. பிள்ளைகள் இந்தக் கதையை விழுந்து விழுந்து கேட்பார்கள்.

ஆற்றுக்கோ குளத்துக்கோ அழைத்துப் போனால் என்ன செய்வது?

வலையும் வெள்ளைத் தட்டும் கொண்டு போங்கள். நீரோரக் கற்களை மெதுவாகப் புரட்டி, அடியில் இருப்பதைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீரின் நலத்தைச் சொல்வதில் பூச்சிகளைப்போல நேர்மையானவர்கள் இல்லை. நாம் எடுக்கும் மாதிரி அந்த ஒரு நொடியைத்தான் சொல்லும்; பூச்சி மாதக்கணக்கில் அங்கேயே வாழ்ந்திருக்கிறது. வாலில் மூன்று இழை நீட்டிக்கொண்டிருக்கும் மேஃபிளை இளம்பூச்சி, குச்சியும் மணலும் ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ் புழு, இவை கிடைத்தால் ஆக்சிஜன் நிறைந்த நல்ல தண்ணீர். தட்டான் இளம்பூச்சி ஓரளவு தாங்கும். சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் அங்கே மூச்சுக்குத் தட்டுப்பாடு. பார்த்ததும் அவற்றை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், கல்லையும் பழையபடி வையுங்கள்.

குளத்துக்குப் படித்துறையோ சிறு பாலமோ இருந்தால் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அளக்கும் செக்கி வட்டும் செய்து பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் பூசி, அடியில் எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்க வேண்டும். கண்ணிலிருந்து மறையும் ஆழத்தை எழுதிக்கொள்ளுங்கள். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியல் அறிஞர் மத்தியதரைக் கடலில் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கிச் செய்து பார்த்தது. இன்றும் உலகம் முழுக்க ஏரி ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். விடுமுறை முழுக்க வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்தால் உங்கள் பிள்ளையிடம் யாரிடமும் இல்லாத ஒரு பதிவு இருக்கும்.

நீர்நிலைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போவது பாதுகாப்பா?

சில விஷயங்களில் தளர்வே கூடாது. ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், அவர் கையில் போன் இல்லாமல். முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் அதுவும் வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் கரையோடு சரி, எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியே நுழையும். பச்சைப் படலம் மூடியிருந்தால் தொடவே கூடாது. கழிவுநீர் கலக்கும் இடம் என்று தெரிந்தால் வேறு இடத்துக்குப் போங்கள். திரும்பியதும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், ஆனால் ஆற்றிலேயே அல்ல.

கரையில் குப்பை பொறுக்கினால் உண்மையில் பயன் உண்டா? மறுநாள் மறுபடி வந்துவிடுகிறதே.

பொறுக்குவதோடு நிறுத்தினால் பயன் குறைவு. எண்ணினால் பயன் அதிகம். 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் கடற்கரைத் தூய்மை நாளில் ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொரு பொருளையும் வகை பிரித்துக் குறிக்கிறார்கள். பல ஆண்டுகள் அந்தப் பட்டியலில் முதலிடம் சிகரெட் துண்டுக்குத்தான். அதன் வடிகட்டி பஞ்சல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். இதைச் சொன்னால் பெரியவர்களே நம்புவதில்லை.

ஒரே இடத்தில் ஐம்பதடி நீளம் அளந்து, மூன்று வாரம் தொடர்ந்து பொறுக்கி எண்ணுங்கள். எது அதிகம்? அது எங்கிருந்து வருகிறது? அங்கே போய் நிறுத்தச் சொல்ல முடியுமா? ஒரு குழுவில் பாட்டில் மூடிகள்தான் அதிகம் என்று கண்டுபிடித்த பிள்ளைகள், அருகில் குப்பைத்தொட்டி வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். எழுத்துப் பிழையோடு, எண்ணிக்கையோடு. கையுறை கட்டாயம். ஊசி, உடைந்த கண்ணாடி, அடையாளம் தெரியாத டப்பா எதையும் பிள்ளைகள் தொடாமல் பெரியவரைக் கூப்பிட வேண்டும்.

குப்பை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வாத்துக் கதை இருக்கிறது. 1992 ஜனவரியில் பசிபிக் கடலில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து பெட்டி ஒன்று விழுந்து உடைந்தது. மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு நீர்நாய் போன்ற பீவர் என 28,800 குளியல் பொம்மைகள் மிதந்து கிளம்பின. அந்த நவம்பரிலேயே சில அலாஸ்கா கரையில் ஒதுங்கின. அப்புறமும் ஆண்டுக்கணக்கில் எங்கெங்கோ கரையேறிக்கொண்டே இருந்தன. கடலாய்வாளர்கள் அவற்றை வைத்தே நீரோட்டங்களைக் கணித்தார்கள். உலக வரைபடத்தில் அந்த வழியை வரையச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றுகிறதே?

அவர்களுக்குத் துப்பறியும் வேலை கொடுங்கள். 1854இல் லண்டனில் பிராட் தெருவைச் சுற்றி காலரா 600க்கும் அதிகமானோரைக் கொன்றது. காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று பலரும் நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்து, இறந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு கைப்பம்பைச் சுற்றியே இருந்ததைக் கண்டார்.

இதை விடை சொல்லாமல் கொடுக்க வேண்டும். ஒரு வரைபடத்தில் வீடுகளையும் மூன்று நான்கு பம்புகளையும் போட்டு, இறப்புகளைப் புள்ளியாகக் குறித்துத் தாருங்கள். குழப்பமான துப்புகளையும் சேருங்கள்: பம்புக்கு அருகிலேயே இருந்த மதுபான ஆலையில் யாரும் சாகவில்லை. வெகுதூரத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டி இறந்தார். ஏன்? ஆலைக்காரர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை. மூதாட்டி அதன் சுவை பிடித்துப்போய் ஆள் வைத்து வரவழைத்துக் குடித்தார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். நோயுற்ற குழந்தையின் துணியை அலசிய தண்ணீர் ஒரு கழிவுக்குழியில் ஊற்றப்பட்டு, அங்கிருந்து மூன்றடி தள்ளி இருந்த கிணற்றுக்குள் கசிந்தது பின்னால் தெரிந்தது. முன்பு சொன்ன மணல் பெட்டியை இப்போது மறுபடி வெளியே எடுங்கள். இந்த வயதுக்காரர்கள் அதை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

இவ்வளவும் கேட்டுப் பிள்ளை பயந்துபோனால்?

பயப்படத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் மீண்ட ஆறுகளைச் சொல்லாமல் அன்றைய நாளை முடிக்காதீர்கள். லண்டனின் தேம்ஸ் ஆற்றை 1957இல் உயிரற்ற ஆறு என்றே அறிவித்தார்கள். இன்று அதில் சீல்கள் நீந்துகின்றன. அமெரிக்காவின் கயஹோகா ஆறு எண்ணெயும் கழிவும் மிதந்து 1969இல் தீப்பிடித்தது. அந்தத் தீ எழுப்பிய கோபம் 1972இல் தூய நீர்ச் சட்டம் வரக் காரணங்களில் ஒன்று. 2019இல் அந்த ஆற்றின் மீனைச் சாப்பிடலாம் என்றே சொல்லிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் முதலில் செய்தது ஒன்றுதான்: கழிவு உள்ளே வருவதை நிறுத்தினார்கள்.

பரிசோதனை முடிந்ததும் அந்த அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

இதை என்னிடம் முதலில் கேட்டது ஒரு எட்டு வயதுப் பெண். எல்லாம் முடிந்து நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் போனபோது, "அது எங்கே போகும் என்று நாம் வரைந்தோமே" என்றாள். நான் நின்றுவிட்டேன். அன்றிலிருந்து ஜாடியைக் காலி செய்வதையும் ஒரு செயல்பாடாகவே வைத்திருக்கிறேன், பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும்.

மண் கலந்த தண்ணீர் வெறும் நிலத்துக்கு. எண்ணெயைப் பழைய தாளால் ஒற்றியெடுத்துக் குப்பையில். உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. தட்டில் காயவைத்து, மிஞ்சும் உப்பைக் குப்பையில் போடலாம். மினுமினுப்புத் தூளைத் துணியில் வடித்து, துணியோடு குப்பையில். உரம் போட்ட ஜாடித் தண்ணீரை நிறையத் தண்ணீர் சேர்த்துத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுங்கள், குளத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். எதுவும் சேர்க்காத குளத்து ஜாடியை அது வந்த அதே குளத்தில்தான் விட வேண்டும், வேறு குளத்தில் அல்ல. சோப்பும் சாயமும் சேர்ந்த மிச்சம் மட்டும் கழிவுநீர்க் குழாய்க்கு, மழைநீர் வடிகாலுக்கு அல்ல. எது எந்தக் குழாய் என்று பிள்ளை வரைந்த படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.